கோபம் கைமீறும்போது மருத்துவ உதவி பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தன் கோபம் எல்லை தாண்டிவிட்டது என்று உணர்ந்தவருக்காகவும், அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்காகவும் எழுதப்பட்டது இது. உதவி தேடிப் போயும் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. தவறான வரிசையில் போவதால்தான் தோற்கிறார்கள். குறிப்பு எதுவும் இல்லாமல் மருத்துவர் முன் உட்கார்கிறார்கள், உடல் சோதனையை விட்டுவிடுகிறார்கள், பலன் தெரியத் தொடங்கும் நேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. போக வேண்டிய கட்டமா என்று பாருங்கள்

மனநல மருத்துவர்கள் ஒரு குறிப்பிட்ட கோப நோய்க்கு வைத்திருக்கும் அளவுகோல் இது: கத்தல், வசவு, பொருளையும் ஆளையும் சேதப்படுத்தாத சீற்றம் வாரத்துக்குச் சராசரியாக இரண்டு முறை, மூன்று மாதமாக நடந்துவருவது. அல்லது பொருள் உடைவதோ யாருக்காவது அடிபடுவதோ ஒரு வருடத்துக்குள் மூன்று முறை நடந்திருப்பது. நடந்த காரணத்துக்கும் வந்த கோபத்துக்கும் பொருத்தமே இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் அதில் சேரும்.

அந்த அளவை எட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோகிறது, கோபத்தால் ஒரு வேலையோ உறவோ போய்விட்டது, ‘இனிமேல் இப்படி நடக்காது’ என்று கொடுத்த வாக்கு மூன்றாவது முறையாக உடைந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலே போகலாம். யாரையாவது ஒருமுறை அடித்திருந்தால் எண்ணிக்கை பார்க்கவே கூடாது.

2. சிகிச்சைக்கு முன் வீட்டைப் பாதுகாப்பாக்குங்கள்

சிகிச்சை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

கோபம் ஏறினால் எங்கே போவது என்று இன்றே முடிவு செய்யுங்கள்: மொட்டை மாடி, தெருமுனை, அண்ணன் வீடு, ஏதோ ஓர் இடம். அதை வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். அரிவாள், கட்டை, பூச்சிமருந்து போன்றவை வீட்டில் இருந்தால் வேறு ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். குடித்தபின் சண்டை வருவது வழக்கமென்றால், அந்த இரவுகளில் குழந்தைகள் எங்கே தூங்குவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

‘கொன்றுவிடுவேன்’, ‘செத்துவிடுவேன்’ என்ற பேச்சு மனதில் உறுதியாக ஓடுகிறது என்றால், அடுத்த வார அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆபத்து நேரில் நிற்கிறது என்றால் 112. பேச ஆள் வேண்டும் என்றால் 14416. இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

அடிபடும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை: அடிப்பவர் சிகிச்சைக்குப் போகிறார் என்பது நீங்கள் அந்த வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் ஆகாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்குமிடம், சட்ட உதவி, மருத்துவ உதவி மூன்றுக்கும் வழி செய்வார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம்.

3. இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். மருத்துவர் முன் உட்காரும்போது கோபம் அடங்கியிருக்கும். ‘எப்போதாவதுதான் வரும், சின்ன விஷயம்தான்’ என்றே வாயில் வரும். அது பொய் இல்லை. அமைதியாக இருக்கும்போது மனம் அப்படித்தான் நினைவு வைத்திருக்கும். எழுதிய குறிப்பு மட்டுமே அதைச் சரிசெய்யும்.

ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியது: நாள், நேரம், முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், குடித்திருந்தீர்களா, சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, மனதில் என்ன வாக்கியம் ஓடியது, என்ன செய்தீர்கள், கோபம் பத்துக்கு எத்தனை, அடங்க எவ்வளவு நேரம் ஆனது.

இப்படி இருக்கும்: ‘செவ்வாய் இரவு 8.40. தூக்கம் 5 மணி நேரம். மதியம் 1 மணிக்குப் பிறகு சாப்பிடவில்லை. குடிக்கவில்லை. மகனைக் கூப்பிட்டேன், போனிலிருந்து தலை நிமிரவில்லை. தாடை இறுகியது, காது சூடானது. இந்த வீட்டில் எனக்கு மரியாதையே இல்லை என்று ஓடியது. போனைப் பிடுங்கி எறிந்தேன். 8. அடங்க 50 நிமிடம்.’

இந்த ஒரு பதிவிலேயே பசி, தூக்கக் குறைவு, ‘மரியாதை இல்லை’ என்ற எண்ணம் மூன்றும் தெரிகின்றன. இப்படிப் பத்துப் பதிவுகள் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வழக்கமான தவறு, எதிராளியின் குற்றப்பட்டியலாக எழுதுவது. ‘காரணம்: அவள் திமிர்’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், அது உங்களுக்குள் என்ன செய்தது என்பதைச் சேருங்கள். இன்னொரு தவறு, வார இறுதியில் மொத்தமாக எழுதுவது. அன்றைய இரவைத் தாண்டவிடாதீர்கள்.

கூடவே வீட்டில் ஒருவரிடம் ஐந்து வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: எத்தனை முறை, மிக மோசமான நாள் எது, எப்போதிலிருந்து. அதை நீங்கள் திருத்தக் கூடாது. படிக்காமலே மருத்துவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது.

அடிதடி நடந்துகொண்டிருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். நினைவிலிருக்கும் கடைசி மூன்று சம்பவங்களை எழுதிக்கொண்டு உடனே போங்கள்.

4. உடம்பில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். சுகர், பி.பி., ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 ஆகியவற்றைச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் படபடப்பும் எரிச்சலும் வரும். சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும் நேரத்தில் திடீர்க் கோபம் வரலாம். பலத்த குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மனப்பயிற்சி மட்டும் கொடுத்தால் பாதிதான் பலிக்கும்.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளும், வலிப்புக்குத் தரும் லெவெடிரசெட்டமும் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்ப வரலாம். மருந்து கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கும்.

மூன்று விஷயங்களைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒன்று, தலையில் அடிபட்டது. பைக் விபத்துக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார் என்று குடும்பம் சொல்கிறதென்றால் அது மூளைக் காயத்தின் விளைவாக இருக்கலாம். இரண்டு, வயது. அறுபதைத் தாண்டியவருக்கு வாழ்நாளில் இல்லாத கோபம் புதிதாக வந்தால் மறதி நோயின் தொடக்கமா என்று பார்க்க வேண்டும். மூன்று, குடி. தினமும் குடிப்பவர் ‘நாளையிலிருந்து தொடமாட்டேன்’ என்று ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது எல்லாம் முதல் சில நாட்களில் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் கோபம் கூடுகிறதா, பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியதா என்பதும் முக்கியம். நோட்டில் அந்தத் தேதிகளையும் குறியுங்கள்.

5. யாரிடம் போவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சையும் பயிற்சியும் தருவார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்கலாம். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம்.

‘கவுன்சிலர்’ என்ற பலகையை வைத்திருப்பவர்களில் நல்ல பயிற்சி பெற்றவரும் உண்டு, ஒருநாள் வகுப்புக்குப் போய்வந்தவரும் உண்டு. என்ன படித்தார், கோபத்துக்காக வந்தவர்களைப் பார்த்திருக்கிறாரா, எத்தனை அமர்வு ஆகும் என்ற மூன்றையும் போனிலேயே கேளுங்கள். ‘ஒரே அமர்வில் சரிசெய்துவிடலாம்’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடி, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, சில நாட்கள் அளவுக்கு மீறிய உற்சாகமும் செலவும் இருந்துவிட்டுச் சில வாரம் படுத்த படுக்கையாவது: இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மனநல மருத்துவர். வேறெந்தச் சிக்கலும் இல்லாமல் கோபம் மட்டும் என்றால் நேராக உளவியலாளரிடம் போகலாம். தெரியவில்லை என்றாலும் மனநல மருத்துவரிடமே தொடங்குங்கள், ஏனென்றால் மனச்சோர்வு ஆண்களிடம் பல நேரம் அழுகையாக வராமல் எரிச்சலாகத்தான் வரும். அதைக் கண்டுபிடிக்காமல் கோபத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை வழியாகக் கிடைப்பார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அங்கே புறநோயாளியாகப் போய்க் காட்டிவிட்டு அன்றே வீடு திரும்பலாம், பார்க்கப் போனாலே உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். எந்த ஊரில் எந்த நாள் மருத்துவர் இருப்பார் என்று தெரியாவிட்டால் 14416இல் கேளுங்கள், அல்லது ஜி.எச்.சில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

6. கையில் கொண்டுபோக வேண்டியவை

நோட்டு, வீட்டில் ஒருவர் எழுதிய ஐந்து வரி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, பழைய சீட்டுகள், ஆதார். அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள், பிற்பகலில் பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவு இருக்காது. முந்தைய நாள் குடிக்காமல் போங்கள்.

கூட ஒருவர் வரட்டும். ஒருவர் போதும். மாமா, சித்தப்பா, மச்சான் என்று நான்கு பேர் போனால் அறைக்குள் பஞ்சாயத்துதான் நடக்கும்.

7. முதல் சந்திப்பில் என்ன சொல்வது

‘கொஞ்சம் கோபம் வருது டாக்டர்’ என்று தொடங்காதீர்கள். கூட்டமான ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மிக மோசமான சம்பவத்தை முதலில் சொல்லுங்கள்: ‘டாக்டர், போன மாசம் என் மனைவியைக் கை நீட்டி அடிச்சிட்டேன். ஆறு மாசமா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை கட்டுப்பாடு போயிடுது. எழுதிக் கொண்டுவந்திருக்கேன்.’ இந்த மூன்று வாக்கியத்தில் கடுமை, காலம், எண்ணிக்கை மூன்றும் வந்துவிட்டன. வெட்கம் தடுத்தால் அதையே தாளில் எழுதி நீட்டுங்கள்.

கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களும் கேட்கலாம், கூட வந்தவரும் கேட்கலாம். அடிபட்டவர், அடித்தவர் முன்னால் உண்மையைச் சொல்ல மாட்டார்.

சின்ன வயதில் அடிவாங்கினீர்களா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, சாகத் தோன்றியதுண்டா என்றெல்லாம் கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள் அவை. குடியின் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவும் தேர்வும் அதைப் பொறுத்தே அமையும்.

நீங்கள் சொன்னது வெளியே போகுமா என்ற பயம் நியாயமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. இன்னொருவருக்கு வன்முறையோ தீங்கோ நேராமல் தடுக்க வேண்டிய நிலை போன்ற சில விலக்குகள் உண்டு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. மனநோய் என்று கண்டறியப்பட்டதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று கொள்ளக் கூடாது என்பதும் அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. சொத்து, வேலை பற்றி ஊரில் சொல்லும் பயமுறுத்தல்களுக்கு இது பதில்.

எழுந்து வருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், மருந்து எதற்கு, எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும், அதுவரை மோசமானால் யாரைக் கூப்பிடுவது.

8. மருந்து எழுதினால்

கோபத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. கோபத்தின் பின்னால் இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், மனநிலை ஏற்றத்தாழ்வு போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் மருந்து. மனச்சோர்வு மாத்திரைகள் முழுதாக வேலை செய்ய 4 முதல் 8 வாரம் ஆகும். குமட்டல், தலைவலி போன்ற தொந்தரவுகளோ முதல் வாரத்திலேயே வரலாம். பலன் பின்னால், தொந்தரவு முன்னால் என்று தெரியாததால்தான் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். முதல் நாட்களில் நிலைகொள்ளாமையோ கிளர்ச்சியோ வழக்கத்தைவிடக் கூடினால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மனநிலை ஏற்றத்தாழ்வுக்கு லித்தியம் என்ற மருந்து தந்தால் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். அதற்கே தரப்படும் வால்புரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். கர்ப்பமாக இருந்தாலோ, ஆகும் வாய்ப்பு இருந்தாலோ முன்பே சொல்லுங்கள். அல்பிரசோலம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகளை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பழக்கமாகிவிடும் என்பதோடு, சிலருக்கு இருக்கும் கொஞ்சநஞ்சக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும். குடியோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. செய்யாதீர்கள். என்ன அளவு உள்ளே போனது என்று தெரியாது, அதன்மேல் அவர் குடித்தால் என்ன ஆகும் என்று தெரியாது, கண்டுபிடித்த நாளில் உங்கள் கையால் சாப்பிடுவதையும் மருத்துவரை நம்புவதையும் சேர்த்தே விட்டுவிடுவார்.

9. அமர்வுகளில் நடப்பது, நீங்கள் செய்ய வேண்டியது

வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம், மொத்தம் 8 முதல் 12 அமர்வு என்பது வழக்கமான அளவு. முதல் இரண்டில் பெரும்பாலும் கேள்விகள்தான். ‘பேசிக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் சொல்லித் தரலை’ என்று இங்கேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. பயிற்சி அதற்குப் பிறகுதான் வரும்: உடம்பின் முதல் அறிகுறியைப் பிடிப்பது, விலகி நிற்பது, மனதில் ஓடும் வாக்கியத்தைச் சோதிப்பது, கேட்க வேண்டியதைக் கத்தாமல் கேட்பது.

இவற்றில் முதலில் பலன் தருவதும், அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் விலகி நிற்பதுதான். சரியான முறை இது. அமைதியான நாளில் வீட்டில் உள்ளவரோடு ஒரு சொல்லை ஒப்புக்கொள்ளுங்கள், ‘வெளியே போறேன்’ என்றாலும் போதும். கோபம் பத்துக்கு நான்கு, ஐந்து இருக்கும்போதே அதைச் சொல்ல வேண்டும். எட்டுக்குப் போனபின் சொல்ல வாய் வராது. திரும்பும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘அரை மணி நேரத்துல வர்றேன்.’ உடம்பின் படபடப்பு அடங்கவே குறைந்தது 20 நிமிடம் தேவை. நடங்கள். பைக்கை எடுக்காதீர்கள், கடைக்குப் போய்க் குடிக்காதீர்கள், நண்பனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிச் சொல்லி மறுபடி சூடேற்றிக்கொள்ளாதீர்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து பேசுங்கள், அல்லது எப்போது பேசலாம் என்று நேரம் குறியுங்கள்.

கதவை அறைந்துவிட்டு இரவெல்லாம் வராமல் இருப்பது விலகி நிற்பது ஆகாது. மற்றவருக்கு அது தண்டனை. அடுத்த முறை அவர் வழிமறிப்பார், அங்கேதான் கைகலப்பு தொடங்கும். வீட்டில் இருப்பவரும் அந்தச் சொல் வந்ததும் வழியை விட வேண்டும், பின்னால் போய்ப் பேச்சைத் தொடரக் கூடாது.

தலையணையைக் குத்தினால் கோபம் தீரும் என்பது தவறு. குத்துவது கோபத்தைத் தணிப்பதில்லை, கிளறத்தான் செய்கிறது. மூச்சுப் பயிற்சியைக் கோபம் இல்லாத நேரத்தில் தினமும் இருமுறை ஐந்து நிமிடம் செய்யுங்கள், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கட்டும். சண்டை நடுவே முதல்முறையாக முயன்றுவிட்டு ‘பலிக்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

நான்கைந்து அமர்வுக்குப் பிறகு வீடு சற்று அமைதியாகலாம். நிறுத்திவிடத் தோன்றும் இடம் இதுதான். அப்போது அடங்கியிருப்பது சம்பவங்களின் எண்ணிக்கை மட்டுமே. ‘மரியாதை இல்லை’ என்ற வாக்கியம் இன்னும் அப்படியே இருக்கும். அதைத் தொடும் அமர்வுகள் இனிமேல்தான்.

ஆனால் ஆறாவது அமர்விலும் வீட்டுப் பயிற்சி எதுவும் தரவில்லை, நோட்டைப் பார்க்கவே இல்லை, அறிவுரை மட்டும் சொல்கிறார் என்றால் வேறு ஒருவரிடம் மாறுங்கள். அடிதடி நடக்கும் வீட்டில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்துக் கவுன்சிலிங் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அறைக்குள் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டிவரும். தனித்தனிச் சிகிச்சை முதலில், அடி முழுதாக நின்றபிறகே சேர்ந்து உட்காருவது.

10. கோபப்படுபவர் வர மறுத்தால் (வீட்டில் இருப்பவருக்கு)

சண்டையின்போதும், குடித்திருக்கும்போதும், சொந்தக்காரர் முன்னாலும் பேச்செடுக்காதீர்கள். சம்பவத்துக்கு அடுத்த நாள் காலை, வருத்தம் இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். ‘உங்களுக்குப் பைத்தியம், டாக்டர்கிட்ட போங்க’ என்பதற்குப் பதில்: ‘ஏங்க, நேத்து தட்டை எறிஞ்சப்போ பாப்பா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா. எனக்கும் பயமா இருந்துச்சு. புதன்கிழமை டாக்டர்கிட்ட போயிட்டு வரலாம், நானும் வர்றேன்.’ நடந்த ஒன்று, அதன் விளைவு, ஒரு நாள், துணை. இவை போதும். ‘தூக்கம் சரியில்லை, பி.பி. பார்க்கலாம்’ என்று பொது மருத்துவரிடம் தொடங்க ஒப்புக்கொண்டால் அதுவும் நல்ல தொடக்கமே, மனநலத்தைப் பற்றியும் அங்கே பேசப்போகிறோம் என்பதை மறைக்காத வரை. சோதனைக்கு என்று ஏமாற்றி அழைத்துப்போனால் முதல் சந்திப்போடு முடிந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள். 14416இல் குடும்பத்தாரும் பேசலாம். எதைப் பொறுப்பது, எந்தக் கட்டத்தில் வீட்டை விட்டு வெளியேறுவது என்பதை உங்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய உளவியலாளரால் முடியும்.

11. முன்னேற்றத்தை அளப்பது

‘கோபமே வரக்கூடாது’ என்று அளக்காதீர்கள். நோட்டில் மூன்று எண்களைப் பாருங்கள்: வாரத்துக்கு எத்தனை முறை, பத்துக்கு எத்தனை, அடங்க எத்தனை நிமிடம். மூன்றும் ஒரே நேரத்தில் குறைய வேண்டியதில்லை. ஒருமுறை பழையபடி வெடித்துவிட்டால் அந்தச் சம்பவத்தை முழுதாக எழுதி அடுத்த அமர்வுக்கு எடுத்துப்போங்கள், மறைக்க வேண்டாம். அடி விழுந்திருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்பி வீட்டின் பாதுகாப்பை மறுபடி பாருங்கள்.

அமர்வுகள் முடிந்தபின் ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் மறுபடி வந்து பார்க்க இப்போதே தேதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதையும் அந்தத் தேதிகளில் மருத்துவரே முடிவு செய்யட்டும்.